இருபது நாளில் சிங்கப்பூர்ப் பயணம், பாஸ்போர்ட்டில் மிச்சம் நான்கு மாதம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. சிங்கப்பூரில் வசிக்கும் தங்கைக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. அப்பா, அம்மா, கேட்டவரின் ஏழு வயது மகள் ஆகிய மூவருக்கும் இன்னும் இருபது நாளில் கோவையிலிருந்து கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டாகிவிட்டது. அறுபத்தாறு வயதான அப்பாவின் பாஸ்போர்ட் நான்கு மாதத்தில் காலாவதியாகிறது. குழந்தையினுடையது சென்ற மாதமே முடிந்துவிட்டது. அம்மாவுடையது இன்னும் சில ஆண்டுகள் செல்லும். கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு விரைவாகத் தரும் தத்கால் முறையில் போட்டால் போதுமா, இரண்டே நாளில் வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறாரே, அவரிடம் கொடுக்கலாமா என்பது கேள்வி.

இருபது நாளில் முடியக்கூடிய காரியம்தான். ஆனால் தத்கால் கட்டணம் எந்த நாட்களைக் குறைக்கிறது, எந்த நாட்களை அதனால் குறைக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். ஈரோட்டில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் கவனித்தது இது: கடைசி நேரத்தில் தவிப்பவர்களில் பெரும்பாலோருக்கு பாஸ்போர்ட் அச்சாவதில் தாமதம் ஏற்படுவதில்லை. நேரம் பதிவு செய்து, ஆவணங்களோடு நேரில் போக வேண்டிய பாஸ்போர்ட் சேவை மையத்துக்குள் போவதற்கு முந்தைய நாட்களிலும், பாஸ்போர்ட் தபாலில் ஏறிய பிறகான நாட்களிலும்தான் காலம் கரைகிறது. இவ்விரண்டிலும் தத்காலுக்கு வேலை மிகக் குறைவு.

முதலில், அப்பாவின் பாஸ்போர்ட்டில் இன்னும் நான்கு மாதம் இருக்கும்போது புதுப்பித்தே ஆக வேண்டுமா என்ற ஐயம் எழலாம். ஆக வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழையும் வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டின் நிபந்தனை. அனுமதி மறுக்கப்படும் பயணியைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் மேல் விழும் என்பதால், கோவை விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும் கவுண்டரிலேயே இதைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். இருக்கும் பாஸ்போர்ட்டையே நீட்டித்துத் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்தாண்டுக் காலம் முடியும் தறுவாயில் செய்யக்கூடியது மறுவழங்கலுக்கு விண்ணப்பித்துப் புதிய எண்ணுடன் புதிய புத்தகம் பெறுவதுதான். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1500 ரூபாய், 60 பக்கப் புத்தகம் 2000 ரூபாய், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 1000 ரூபாய். தத்கால் என்றால் இவற்றின் மேல் 2000 ரூபாய் கூடுதல். நேரம் பதிவு செய்யும்போது இணையத்தில் சாதாரணக் கட்டணத்தை மட்டும் கட்டுவீர்கள். தத்காலுக்குரிய மீதித் தொகையைச் சேவை மையத்தில் செலுத்த வேண்டும். அதற்கு மேல் ‘அவசரக் கட்டணம்’ என்று எவர் கேட்டாலும் அது அரசுக்குப் போகும் பணம் இல்லை. அரசின் இணையதள முகவரி ஜிஓவி.இன் என்றுதான் முடியும். தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அதே தோற்றத்தில் இருந்து, படிவத்தை வாங்கிக்கொண்டு கூடுதல் பணத்தையும் வாங்கிக்கொள்கின்றன. எம்பாஸ்போர்ட் சேவா என்ற அரசுச் செயலியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

தத்கால் தருவது என்ன என்பதற்கு வருகிறேன். விண்ணப்பம் மையத்தில் ஏற்கப்பட்ட பிறகு, காவல்துறைச் சரிபார்ப்பு தேவையில்லை என்று அதிகாரி முடிவு செய்தால், அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த வேலை நாளிலேயே பாஸ்போர்ட் அனுப்பப்படலாம். சரிபார்ப்பு தேவை என்றாலும் அதற்காகக் காத்திருக்காமல் மூன்றாவது வேலை நாளுக்குள் அனுப்பிவிட்டு, போலீஸ் விசாரணையைப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். சாதாரண முறையில் சரிபார்ப்பு தேவையில்லாத விண்ணப்பத்துக்கு ஏழு வேலை நாட்களும், முன்கூட்டியே சரிபார்ப்பு வேண்டியதற்கு முப்பது நாட்களும் ஆகலாம் என்பது துறை சொல்லும் கணக்கு. வேலை நாட்கள் என்பதைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை மையத்துக்குப் போனால் மூன்றாவது வேலை நாள் புதன்கிழமை. நடுவில் மத்திய அரசு விடுமுறை ஒன்று விழுந்தால் வியாழன். இதில் உரிமை கோரவும் இடமில்லை. தத்காலில் தருவதா இல்லையா என்பதில் இறுதி முடிவு பாஸ்போர்ட் அலுவலகத்துடையது. பெயரையே பெரிதாக மாற்றுவது போன்ற சில விண்ணப்பங்களைத் தத்காலில் எடுப்பதும் இல்லை.

ஆக, பணம் கொடுத்தால் குறைவது மையத்துக்கு உள்ளே போன பிறகான நாட்கள். உள்ளே போவதற்கான தேதி எப்போது கிடைக்கும் என்பதுதான் உங்களுக்கு உண்மையான கேள்வி. கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ்தான் கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டங்கள் வருகின்றன. இந்த மாவட்டங்களிலிருந்து பனியன் ஏற்றுமதிக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள், மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெரியவர்கள் என்று கூட்டம் எப்போதும் இருக்கும். தத்கால் விண்ணப்பங்களுக்கு நேர ஒதுக்கீடு தனியாக உண்டு என்றாலும் அதுவும் விரைவில் தீர்ந்துபோவதுண்டு. எனவே பணம் கட்டுவதற்கு முன்பே, இணையதளத்தில் எந்த மையத்தில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, தத்கால் தேதி, சாதாரணத் தேதி இரண்டையும் பாருங்கள். சாதாரண வரிசையில் நாளை மறுநாளே இடம் இருந்து, தத்காலில் ஒரு வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்றால், போலீஸ் சரிபார்ப்பு தேவைப்படாத விண்ணப்பத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில்தான் வந்து சேரும்.

கோவையில் தேதி தள்ளிப்போனால் கோவையையே கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நாட்டின் எந்த பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம் என்ற வசதி 2018 முதல் இருக்கிறது. திருச்சி, மதுரை, சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம், மலையாளக் கரையில் திருச்சூர், வடக்கே பெங்களூரு ஆகிய இடங்களில் எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போய் வரலாம். அந்த அலுவலகம் அச்சிட்டு உங்கள் கோபி முகவரிக்கே அனுப்பும். விசாரணை தேவைப்பட்டால் அதுவும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கே வரும். எந்த அலுவலகம் என்பதைப் படிவத்தின் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், கட்டிய பிறகு மனம் மாறினால் புதிதாக எல்லாம் செய்ய வேண்டிவரும். அறுபத்தாறு வயது மனிதரை இரவுப் பேருந்தில் தாம்பரத்துக்கு அழைத்துப் போவதா என்று தயங்குவீர்கள். நான்கு நாள் மிச்சமாகும் என்றால் போகலாம், ஒரு நாள்தான் மிச்சம் என்றால் வேண்டாம் என்பது என் கருத்து. அஞ்சல் நிலையங்களில் இயங்கும் சிறிய மையங்கள் அருகில் இருப்பதால் வசதிதான். ஆனால் அங்கே ஆவணம் பார்க்கப்பட்ட பின் இறுதி ஒப்புதல் மண்டல அலுவலகத்தில் நடப்பதால், நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போது முழு அளவிலான சேவை மையத்தையே நான் சொல்வேன்.

அடுத்தது ஆவணங்கள். தத்காலில் முன்பு உயர் அதிகாரி ஒருவரின் சான்றிதழ் தேவைப்பட்டது. அந்த நிபந்தனை 2018-இல் நீங்கியது. இப்போது பட்டியலிலுள்ள ஆவணங்களில் மூன்றைக் காட்ட வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், ஓய்வூதிய ஆவணம், பழைய பாஸ்போர்ட் ஆகியவை அந்தப் பட்டியலில் வருவன. மூன்று ஆவணம் நம் எல்லோர் வீட்டு பீரோவிலும் இருக்கும். அவை மூன்றும் ஒரே ஆளைப் பற்றிப் பேச வேண்டும் என்பதில்தான் நம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சிக்கல் வருகிறது. பழனிசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதாரில் ஒரு ‘எஸ்’, வாக்காளர் அட்டையில் இரண்டு, பான் அட்டையில் ‘டபிள்யூ’ சேர்ந்து வேறு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்க, ஆதாரில் வெறும் இனிஷியல் நிற்கும். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஆண்டை மட்டும் கேட்டுப் போட்ட ஜனவரி முதல் தேதி என்று இன்னொன்று. இன்றிரவே அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டை மேசை மேல் திறந்து வைத்து, அதில் உள்ள பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவற்றோடு எழுத்து எழுத்தாக ஒத்துப்போகும் மூன்று ஆவணங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒத்துப்போகாததைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டு, ஒத்துப்போகும் வேறொன்றைக் காட்டுவதில் தவறே இல்லை. படிவத்தையும் பழைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள்.

வந்த வேலையோடு பெயரையும் சரிசெய்துவிடலாமே என்ற ஆசை இந்த இடத்தில்தான் எழும். இனிஷியலோடு வாழும் நம் மக்களின் பழைய பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பது சாதாரணம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது துபாய் டிக்கெட் எடுத்திருந்த பலர் திகைத்துப்போனார்கள். பின்னர், இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்பதாக விளக்கம் வந்தது. அமீரகம் போக எண்ணம் உள்ளவர்கள் அவசரமில்லாத காலத்தில் பெயரைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. உங்கள் அப்பாவுக்கு இந்த இருபது நாளில் அந்த வேலை வேண்டாம். டிக்கெட் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதே பெயரில் புதிய பாஸ்போர்ட்டும் வரட்டும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொன்னேன். முகவரியை அப்படித் தள்ளிவைக்க முடியாது. பழைய பாஸ்போர்ட் எடுத்தபோது ஊருக்குள் இருந்துவிட்டு இப்போது தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தால், இப்போதைய முகவரியைத்தான் தர வேண்டும். போலீஸ் சரிபார்ப்பைத் தவிர்ப்பதற்காகப் பழைய முகவரியையே எழுதச் சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி தெரிந்தே பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம். முகவரி மாற்றத்துக்காகச் சரிபார்ப்பு வந்தாலும் தத்காலில் அது பின்னால்தான் நடக்கப்போகிறது என்பதால், மறைப்பதில் லாபமும் இல்லை.

குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு குழந்தைகளுக்கு ஐந்தாண்டுக்குத்தான் பாஸ்போர்ட் தருகிறார்கள் என்பது நினைவில் நிற்காமல், தன்னுடையதைப் போலவே பத்தாண்டு என்று இருந்துவிடும் பெற்றோர் அதிகம். குழந்தையின் விண்ணப்பத்துக்கு அனெக்சர் டி என்ற ஒப்புதல் படிவத்தில் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் இருவரின் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டுகளின் மூலமும் நகலும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அடையாள அட்டை ஆகியவையும் கையில் இருக்கட்டும். பெற்றோரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் குழந்தைக்குப் பொதுவாகப் போலீஸ் சரிபார்ப்பு கேட்பதில்லை. அதனால் சாதாரண முறையே போதுமானதாக இருக்கலாம். ஆனாலும் தாத்தாவுக்கு ஒரு நாள், பேத்திக்கு ஒரு நாள் என்று அலையாமல் இரண்டையும் ஒரே நாளில் ஒரே மையத்தில் அமையும்படி பதிவு செய்யப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன் பதிந்த சான்றிதழில் பெயர் இடம் வெறுமையாகவே பல வீடுகளில் இருக்கிறது. பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியோடு பறக்கும் குழந்தை என்பதால், நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றை பாட்டியின் கைப்பையில் வைத்து அனுப்புவதும் நல்லது.

மையத்துக்குப் போகும் நாளில் ஒரு குழப்பம் நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோவையில் தண்டுமாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருப்பது மண்டல அலுவலகம். நேரம் குறித்துச் செல்ல வேண்டிய சேவை மையம் அதே அவிநாசி சாலையில் தனியாக இருக்கிறது. பதிவுச் சீட்டில் உள்ள முகவரியைப் பார்த்துப் போங்கள். உள்ளே டோக்கன் வாங்கியதும் ஏ, பி, சி என்று மூன்று கட்டமாகக் கவுண்டர்கள். முதலாவதில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, படம் பிடித்து, விரல் ரேகை எடுப்பார்கள். இரண்டாவதில் ஓர் அலுவலர் மூல ஆவணங்களைச் சரிபார்ப்பார். மூன்றாவதில் உள்ள அதிகாரிதான் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர். படத்தின் பின்னணி வெள்ளையாக இருக்கும் என்பதால், எங்கே போனாலும் வெள்ளைச் சட்டையில் போகும் நம் பெரியவர்களை அன்று ஒரு நாள் மட்டும் நிறச் சட்டை போடச் சொல்லுங்கள். காட்டு வேலையில் தேய்ந்த விரல்களில் ரேகை முதல் தடவையே பதியாமல் போகலாம். துடைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள், பதற வேண்டாம். பழைய பாஸ்போர்ட்டின் மூலத்தோடு அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகலைக் கையெழுத்திட்டு எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே வரும்போது தரும் சீட்டில் விண்ணப்பத்தின் நிலை என்ன, போலீஸ் சரிபார்ப்பு எந்த வகை என்பது அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டுப் படியிறங்குங்கள். ஆவணக் குறை என்று நிறுத்தி வைத்திருந்தால், என்ன குறை என்பதை அங்கேயே கேட்டுக்கொள்வது மேல். வீட்டுக்கு வந்தபின் 1800 258 1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் நிலையைச் சொல்வார்கள், தீர்வை அங்கே எதிர்பார்க்க முடியாது.

ஏஜென்ட்டுக்கும் பதில் இதில் இருக்கிறது. படிவம் நிரப்பித் தருவது, நேரம் பதிவு செய்து தருவது என்ற அளவில் அவர் செய்வது எழுத்து வேலை. அதற்கு நியாயமான கூலி கொடுப்பதில் தவறில்லை. மூன்றாவது கவுண்டரில் இருப்பவரின் முடிவை அவரால் விரைவுபடுத்த முடியாது. கணக்கை அவருடைய மொபைல் எண்ணிலும் மின்னஞ்சலிலும் தொடங்கினால் குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்கே போகும், நீங்கள் அவரைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். உங்கள் எண்ணிலேயே தொடங்கி அப்பாவுக்கும் மகளுக்கும் அந்த ஒரே கணக்கிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

அடுத்து ஸ்பீட் போஸ்ட். பாஸ்போர்ட் விண்ணப்பதாரரின் கையில், அடையாளம் பார்த்துத்தான் கொடுக்கப்படும். ஆள் இல்லாவிட்டால் மறுபடி வருவார்கள், பிறகு அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பினால் அதை மீட்க மண்டல அலுவலகத்துக்கு அலைய வேண்டும், அதற்கு உங்களிடம் நாள் இல்லை. தோட்டத்து வீடுகளின் முகவரி இந்த விஷயத்தில் பெரிய தொல்லை. தோட்டத்தின் பெயர், ஊர், அஞ்சலகம், வட்டம், பின்கோடு எல்லாவற்றையும் ஆதாரில் உள்ள வரிசையிலேயே எழுதுங்கள். அனுப்பிய செய்தி வந்தவுடன் தொடர் எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் அஞ்சலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பட்டுவாடா நாளில் அப்பா சந்தைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது முக்கியம்.

கையில் வந்ததும் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைத் தபால்காரர் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் விசா பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தது என்பதால் புதிய எண் வந்த பிறகுதான் அப்பாவுக்கும் குழந்தைக்கும் விண்ணப்பிக்க முடியும். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் போகும் அந்த விசாவுக்கும் சில வேலை நாட்கள் ஒதுக்க வேண்டும். உங்கள் இருபது நாளில் உண்மையில் பாஸ்போர்ட்டுக்கென்று இருப்பது பன்னிரண்டு நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் விசாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அதை இப்போதே தொடங்கலாம். டிக்கெட்டில் பழைய பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்திருந்தால் விமான நிறுவனத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ரத்து முத்திரையோடு திரும்பி வரும் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் வேறு நாட்டு விசா ஏதும் உயிரோடு இருந்தால் பல நாடுகள் இரண்டு புத்தகங்களையும் சேர்த்துக் காட்டினால் ஏற்கின்றன.

அப்பாவுக்குப் பிந்தைய சரிபார்ப்பு என்று சீட்டில் வந்திருந்தால், பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும். அந்த நேரத்தில் அவர் சிங்கப்பூரில் பேரக்குழந்தையோடு இருந்தால், வீட்டுக்கு வந்து பார்க்கும் காவலர் ‘ஆள் முகவரியில் இல்லை’ என்று எழுத நேரலாம். அது பாதகமான அறிக்கையாகப் பதிவாகி, விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே விண்ணப்ப எண்ணுடன் நிலையத்துக்குப் போய், கோப்பு வந்திருக்கிறதா என்று கேட்டு, வந்திருந்தால் அப்பாவை அழைத்துப் போய் முடித்துவிடுங்கள். வராவிட்டால் பயணத் தேதியையும் திரும்பும் தேதியையும் எழுத்தில் கொடுத்து, உங்கள் தொலைபேசி எண்ணையும் குறித்துவிட்டு வாருங்கள். இந்தச் சரிபார்ப்புக்குக் காவல் நிலையத்தில் கட்டணம் எதுவும் கிடையாது.